நிறைந்தே திரும்பும் பாட்டில்

ஜெயமேரி எங்கே கிளம்பினாலும் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும்; எங்கிருந்து திரும்பினாலும் அந்தப் பாட்டில் நிறைந்தே இருக்கும். ஆன் மேரி இதைக் கவனிக்கத் தொடங்கியபோது அவளுக்கு ஏழெட்டு வயது. பெரியம்மா ஜெயமேரியோடு பெண்ணாடத்துக்குப் போய்வந்தாலும் சரி, கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தாலும் சரி, வேளாங்கண்ணியில் தங்கித் திரும்பினாலும் சரி, பாட்டிலின் மூடி திறந்த சுவடே இருக்காது. வீட்டுக்குள் கால் வைத்ததும் ஜெயமேரி அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார். நேரே கழிப்பறைக்குப் போவார். வந்த பிறகுதான் செம்பு நிறைய மொண்டு, தொண்டை ஏறி இறங்க, மடமடவென்று குடிப்பார்.

"பாட்டிலுக்கு ஊரச் சுத்திக் காட்டிட்டு வந்துட்டியா?" என்பார் பெரியப்பா பிலோமின்ராஜ்.

"ஆமா, அது ஆசைப்பட்டுச்சு" என்பார் ஜெயமேரி.

காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். குடித்தால் வரும்; வந்தால் போக இடம் வேண்டும். ஆண்கள் மதகைக் கண்டாலும் மரத்தைக் கண்டாலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுகிறார்கள். பெண்கள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே குடிக்காமலிருப்பதே மேல் என்று ஜெயமேரி முடிவு செய்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது.

முடிவெடுத்த இடம் பஸ் அல்ல, பட்டறை. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து விருத்தாசலத்துக்கு மருமகளாக வந்த அடுத்த மாதமே பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கூழாகக் கரைத்த மண்ணை அச்சில் ஊற்றி எடுத்தால் பொம்மையின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு கோடு தடித்து நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, கோடே இல்லாமல் ஆக்குவது ஜெயமேரியின் வேலை. குழந்தை இயேசு, கிருஷ்ணர், தொந்தி குலுங்கச் சிரிக்கும் புத்தர், பன்றி உண்டியல் என எல்லாரும் அவர் மடியில் படுத்து எழுந்துதான் சூளைக்குப் போவார்கள். பட்டறையில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. அதற்குக் கதவும் உண்டு, தாழ்ப்பாள்தான் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். காவலுக்கு ஆள் கூப்பிட்டால் மேஸ்திரி, "ரெண்டு பேரும் ஊர்வலமா கெளம்பிட்டீங்களா?" என்பார். இந்த ஊர்வலத்துக்கு வெட்கப்பட்டே சூளையின் வெக்கையில் பெண்கள் நாள் முழுக்க நாக்கை நனைத்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஜெயமேரிக்கு நீர்க்கடுப்பு வரும். இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டுச் சமாளிப்பார்.

இப்படிப்பட்டவர் கடல்மட்டத்திலிருந்து பதினேழாயிரம் அடி உயரத்துக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்ததற்குக் காரணம் ஒரு போட்டோ.

அவருடைய ஒரே மகன் ஜோ ராணுவத்தில் இருக்கிறான். லடாக்கில் பணி. லே நகரத்துக்கு மேலே கர்துங்லா என்கிற கணவாயில், மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை அனுப்பியிருந்தான். ஜெயமேரி அதைப் பெரிதாக்கி, மாதா படத்துக்குக் கீழே மாட்டினார். வந்தவர்கள் எல்லாரும் "நல்லா சிரிக்கறான்" என்றார்கள்.

"சிரிக்கறான். ஆனா வாயத் தொறந்து மூச்சு வாங்கறான், பாரு" என்றார் ஜெயமேரி.

போனில் பேசும்போதும் அதே சந்தேகம். "சாப்" என்று ஒரு நிறுத்தம், பிறகு "ட்டியாம்மா?" கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, இங்க காத்து கம்மி" என்பான்.

"காத்து கம்மின்னா என்னாடி ஆனு? மின்விசிறி இல்லாத மாதிரியா?"

ஆன் மேரி விலங்கியல் பட்டதாரி. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டம் வாங்கி இரண்டு வருடமாக அரசுத் தேர்வுகள் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் தனக்கு உண்மையில் என்ன தெரியும் என்று தன்னையே கேட்டுக்கொண்டு இருப்பவள். காற்றழுத்தம், ஆக்சிஜன், சிவப்பணு என்று ஆரம்பித்தாள். ஜெயமேரி கொட்டாவி விட்டார்.

"அதெல்லாம் பரீட்சைக்கு வச்சுக்கோ. எம்புள்ள நிக்கற எடத்துல நின்னு நானும் ஒரு மூச்சு விட்டுப் பாத்தா தெரிஞ்சுடப் போவுது."

விளையாட்டாகச் சொன்ன சொல், சொல்லச் சொல்ல வேண்டுதல் ஆகிவிட்டது. கோடை முடிந்ததும் ஜோவுக்கு ராஜஸ்தானுக்கு மாற்றல் என்று தெரிந்தபோது வேண்டுதலுக்குக் கெடுவும் வந்துவிட்டது. போனால் இந்த ஜூனில் போக வேண்டும். இல்லாவிட்டால் அந்த மூச்சு என்னவென்று தெரியாமலே போய்விடும். பெரியப்பா, கோழிகளை யார் பார்ப்பது என்று கேட்டு நழுவிக்கொண்டார். ஜோ டிக்கெட் போட்டான். துணைக்கு, "படிச்ச புள்ள, போர்டு எல்லாம் படிச்சுச் சொல்லும்" என்று ஆன் மேரி அனுப்பப்பட்டாள். மூன்று வருடப் பட்டத்துக்குக் கிடைத்த முதல் வேலை அது.

அவள் அதைச் சிரத்தையாகவே செய்தாள். போய் இறங்கியதும் இரண்டு நாள் ஓய்வு, மெதுவாக நடப்பது, நிறையத் தண்ணீர் என்றெல்லாம் போனில் தேடிப் படித்துச் சொன்னாள். பெரியம்மாவை டாக்டரிடமும் அழைத்துப் போனாள். டாக்டர் உயரத்துக்குப் பழக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, "இது போட்டா ஒண்ணுக்கு அடிக்கடி போகும், பயப்படாதீங்க" என்றார்.

வெளியே வந்ததும் ஜெயமேரி நடுரோட்டில் நின்றுவிட்டார். "ஏண்டி, ஒண்ணுக்கு வர்ற மாத்திரையக் குடுத்து, கக்கூஸு இல்லாத மலைக்கு அனுப்பறாரே, இவரு டாக்டரா, என் மாமியா ஊட்டு ஆளா?"

ஆன் மேரி சிரித்தாள். சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

அவளுக்குத் தெரியாமல் இன்னொரு காரியமும் நடந்தது. ஜெயமேரிக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மாதவிடாய் என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாத பருவம். "ரெண்டு மாசம் காணாம போயிடும். திடீர்னு வந்து பத்து நாள் உக்காந்துக்கும், விசேஷத்துக்கு வந்த நாத்தனா மாதிரி" என்று பட்டறைத் தோழி ஆதிலட்சுமியிடம் சொல்லியிருக்கிறார். ஆதிலட்சுமி அதற்கு வழி வைத்திருந்தாள்.

"நாள் தள்ளிப் போடற மாத்திர இருக்குதுக்கா. எம்மவ கல்யாணத்துக்கு நான் போட்டேன். மருந்துக் கடையில கேட்டா பேப்பர்ல சுத்திக் குடுத்துடுவான்."

"டாக்டரக் கேக்க வாணாமா?"

"கல்யாணத்துக்குப் போடறவ எல்லாம் டாக்டரக் கேட்டுக்கிட்டா போடறா?"

நம் ஊரில் திருவிழாவுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் பெண்கள் சாக்லேட்டைப்போல வாயில் போட்டுக்கொள்கிற மாத்திரை. ஜெயமேரியும் போட்டுக்கொண்டார். ஆக, தண்ணீர் வேண்டாம், ஒன்றுக்கு வரவழைக்கும் மாத்திரை வேண்டாம், நாத்தனாரும் வேண்டாம். ஒரு பெண் வெளியூர் போக எத்தனை மடைகளை அடைக்க வேண்டுமோ அத்தனையையும் அடைத்துவிட்டு, ஜெபமாலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, நிறைந்த பாட்டிலோடு ஜெயமேரி விமானம் ஏறினார்.

முதல் நாள் எல்லாம் பிரமாதம். லே விமான நிலையத்தில் ஜோவைக் கண்டதும் கன்னத்தைக் கிள்ளி, "கறுத்துட்ட" என்றார். ஜோ அவர்களை ஒரு விடுதி அறையில் தங்கவைத்தான். வரவேற்பறையில் ஒரு புத்தர் இருந்தார். ஜெயமேரி அருகில் போய்ப் பார்த்தார்.

"காதுக்குப் பின்னாடி ஒட்டுக்கோடு தெரியுது. சரியாச் சீவல."

"அம்மா, அத கும்பிடறாங்கம்மா."

"கும்பிடட்டும். கோடு கோடுதான்."

"தண்ணி குடிச்சியாம்மா?"

"குடிச்சேன், குடிச்சேன்."

மாத்திரை போட்டீர்களா என்று ஆன் மேரி கேட்டதற்கும் "போட்டேன், போட்டேன்" என்றே பதில் வந்தது. எந்த மாத்திரை என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஜெயமேரியால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. மண்டைக்குள் யாரோ அச்சைப் போட்டு இறுக்குவதுபோல் இருக்கிறது என்றார். எழுந்து உட்கார்ந்ததும் வாந்தி. உதடு வெடித்திருந்தது. கழிப்பறைக்குப் போய்வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, "எரியுதுடி" என்று காதோடு சொன்னார். ஜோ வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

டாக்டர் லடாக்குப் பெண். ஆன் மேரியைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். இந்தியில் கேட்டார். ஜோ ராணுவத்தில் கற்ற இந்தியில் பதில் சொன்னான். இடையில் தமிழ் நடந்தது.

"அம்மா, நேத்து எவ்வளவு தண்ணி குடிச்சன்னு கேக்கறாங்க."

"வேணுங்கற அளவு."

டாக்டர் நீளமாக ஏதோ கேட்டார். ஜோவின் காது சிவந்தது. குளிரால் அல்ல.

"அம்மா... வந்து... உனக்கு எல்லாம்... மாசா மாசம்... அதாவது, எல்லாம் சரியா இருக்குதான்னு கேக்கறாங்க."

"எல்லாம் சரியா இருக்குதுன்னு சொல்லு."

ஜோ நிம்மதியாக மொழிபெயர்த்தான். டாக்டர் இன்னொன்று கேட்டார்.

"வேற ஏதாவது மாத்திர சாப்பிடறியான்னு..."

"ஒண்ணும் இல்ல."

சொல்லும்போது பெரியம்மாவின் கை இடுப்பிலிருந்த ஜெபமாலைப் பையை மூடியதை ஆன் மேரி பார்த்தாள். ஜெபத்துக்காக அல்லாமல் ஒருவர் ஜெபமாலைப் பையைப் பிடிக்கும் பிடி அது. ஒரு தாய், தான் பெற்ற மகனின் வாய் வழியாக இதையெல்லாம் சொல்ல முடியாது. செத்தாலும் சொல்ல மாட்டாள். அது ஆன் மேரிக்குப் புரிந்தது. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது சரியாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே பயமாக இருந்தது.

"அண்ணா, போயி டீ வாங்கிட்டு வா."

"இப்பவா?"

"இப்பவே. தூரமா இருக்கற கடையில நல்லா இருக்குமாம்."

ஜோ கேள்வி கேட்காமல் ஓடிப்போனான். எல்லையில் காவல் நிற்பவன் அவ்வளவு வேகமாகப் பின்வாங்கியதை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது.

ஆன் மேரி மூன்று வருடம் ஆங்கிலத்தில் தேர்வு எழுதியவள். ஆங்கிலத்தில் ஒரு மனிதரோடு பேசியது அன்றைக்குத்தான். முதல் வாக்கியத்தில் வினைச்சொல் காணாமல் போனது. இரண்டாவதில் எல்லாமே காணாமல் போயின. சட்டென்று எழுந்து சுவரிலிருந்த காலண்டரின் அருகே போய், ஒரு தேதியில் விரல் வைத்து, அந்தத் தேதியைச் சிரமப்பட்டுத் தள்ளிக்கொண்டுபோய் மாதக் கடைசியில் விடுவதுபோல் நடித்துக் காட்டினாள். டாக்டர் ஒரு கணம் பார்த்தார். பிறகு, "ஓ!" என்றார்.

"பெரிம்மா, பையக் குடுங்க."

"ஜெபமால இருக்குதுடி."

"வேற என்னா இருக்குது?"

பை திறந்தது. ஜெபமாலை. ஒரு மாத்திரைகூடக் கழியாத மலை மாத்திரை அட்டை. பாதி காலியான இன்னொரு அட்டை. டாக்டர் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். போட வேண்டியது அப்படியே இருந்தது, போடக்கூடாதது தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் சிரித்துவிட்டார். ஜெயமேரியும் தலையைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். பிறகு டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவான, எளிய ஆங்கிலத்தில் பேசினார். ஆன் மேரி வரிவரியாகத் தமிழில் சொன்னாள்.

"இந்த உயரத்துல ஒடம்பு தானாவே தண்ணிய இழக்குமாம். மூச்சு வழியாவே போயிடுமாம். நீங்க குடிக்காம வேற இருந்திருக்கீங்க. ரத்தம் கெட்டிப்படும். நாள் தள்ளற மாத்திரையும் சில பேருக்கு ரத்தத்த ஒறைய வைக்குமாம். இந்த வயசுல, மணிக்கணக்கா விமானத்துல, வண்டியில காலத் தொங்கப்போட்டு உக்காந்துக்கிட்டு, டாக்டரக் கேக்காம இதப் போடறது ஆபத்து. இன்னியோட நிறுத்தணும். அடக்கி வச்சதுல சிறுநீர்ல கிருமி. அதுக்குத் தனி மருந்து."

"நிறுத்துனா நாத்தனா வந்துடுவாளே?"

ஆன் மேரிக்கு விளங்கவில்லை. ஜெயமேரி விளக்கினார். விளங்கியதை ஆன் மேரி டாக்டரிடம் சொல்ல, டாக்டர் இந்த முறை மேசையைத் தட்டிச் சிரித்தார். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வரும், வரட்டும், மலையில் மாதவிடாய் வருவதால் ஒரு கெடுதலும் இல்லை, பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சோகை லேசாக இருந்தது. ஊருக்குப் போனதும் அடிவயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கச் சொன்னார்.

"கேளுடி, மேல போலாமா?"

தலைவலி முழுக்கப் போய், ஒரு நாள் முழுவதும் திரும்பி வராமல் இருந்தால் போகலாம். மேலே கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. தலைவலி மிச்சமிருந்தால் கிடையாது. இது டாக்டரின் தீர்ப்பு. கடைசியாக அவர் ஒன்று சொன்னார்: மலைக்குப் பயப்படும் பெண்களை அதிகம் பார்த்ததில்லை, எல்லா ஊர்ப் பெண்களும் கழிப்பறைக்குப் பயந்து குடிக்காமல் வந்துதான் இந்தக் கட்டிலில் படுக்கிறார்கள்.

டீ வாங்கப் போன ஜோ ஆறிய டீயோடு வந்து, "என்னாவாம்?" என்றான்.

"தண்ணி குடிக்கணுமாம்" என்றார் ஜெயமேரி.

ஜோவுக்குச் சனிக்கிழமை ஒரு நாள்தான் அனுமதி கிடைத்திருந்தது. அதற்குள் தலைவலி போயாக வேண்டும். ஜெயமேரி பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப்போல் தண்ணீர் குடித்தார். வெந்நீர், கஞ்சி, சூப்பு, மறுபடி வெந்நீர். குடித்தார், போனார், போனார், குடித்தார். ஒளிவில்லாமல், வெட்கமில்லாமல், பகல் வெளிச்சத்தில், தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவுக்குப் பின்னால். "இந்த ஊருல நான் பாத்த ஒரே சுற்றுலாத் தலம் இந்தக் கக்கூஸுதான். ஆனா நல்லா வச்சிருக்காங்க" என்று பெரியப்பாவுக்குப் போனில் சொன்னார்.

ஆன் மேரி பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள். ஹீமோகுளோபினும் ஆக்சிஜனும் பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்கு நான்கு பக்கம் எழுதி, ஒன்பது வாங்கியவள் அவள். அந்த நான்கு பக்கத்தில் பெரியம்மா எங்குமே இல்லை. பட்டறைக் கழிப்பறையும் இல்லை. கிடைக்காத அந்த ஒரு மதிப்பெண் இதற்குத்தானோ என்று நினைத்தாள். நினைத்தது கொஞ்சம் அழகாக இருந்ததால் அதன்மேல் சந்தேகம் வந்து, எழுந்துபோய் இன்னொரு பிளாஸ்க் வெந்நீர் வாங்கிவந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது தலைவலி இல்லை. சனிக்கிழமை விடிந்தபோதும் இல்லை. கிளம்பினார்கள். ஆன் மேரி இரண்டு துணிப்பைகள் எடுத்து வைத்தாள். ஒன்றில் பஞ்சும் மாற்றுத் துணியும். மற்றொன்றில் ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு. வழியில் ஜெயமேரி இரண்டு இடத்தில், "டிரைவர் தம்பி, நிறுத்துப்பா" என்று தமிழிலேயே சத்தம் போட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். ஆன் மேரி சால்வையை விரித்துப் பிடித்தாள். ஒரு பஸ் பயணத்தில்கூட அவர் செய்யாத காரியம் அது.

மேலே ஒரே கூட்டம். கார்கள், மோட்டார் சைக்கிள்கள், பனியைத் தொட்டுக் கத்தும் பிள்ளைகள். டிரைவர் இவர்களை இறக்கிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினான். மஞ்சள் பலகை கண்ணுக்குத் தெரிந்தது. ஜெயமேரி அடிமேல் அடி வைத்து நடந்தார். பாதி வழியில் நின்றார்.

"ஆனு."

"என்னா பெரிம்மா? தலவலியா?"

"நாத்தனா வந்துட்டா."

ஆன் மேரி பெரியம்மாவின் பின்பக்கம் பார்த்தாள். வெளிர் நிறச் சுடிதாரில் தெரியத் தொடங்கியிருந்தது. பை வண்டியில். வண்டி எங்கோ. கழிப்பறைக்கு முன்னால் திருவிழா வரிசை. மேலே நிற்க அனுமதித்த நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. ஜோ கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

"அண்ணா! வண்டியில இருக்கற பையக் கொண்டா!"

"எந்தப் பை?"

"அந்தப் பை!"

"ரெண்டு பை இருக்குது. எதுக்கு?"

"கேள்வி கேக்காத. ஓடு!"

"இங்க ஓடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே ஜோ வேகமாக நடந்தான்.

ஜெயமேரி சால்வையை இறுக்கிக்கொண்டு நின்றார். சால்வை இடுப்பு வரைதான் வந்தது. "திரும்பிப் போயிடலாம்டி. இந்தக் கோலத்துல போட்டோவா?" என்றார். கண்ணில் நீர் கோத்திருந்தது. பலகை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அப்போதுதான் ஒரு பெண் வந்தாள். மோட்டார் சைக்கிள்காரி, ஹெல்மெட் கையில், கிராப் வெட்டிய தலை. ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மேலே போட்டிருந்த தோல் சட்டையைக் கழற்றி, உள்ளே இருந்த ஊதா நிறக் கம்பளிச் சட்டையை உருவி, அதன் இரண்டு கைகளையும் ஜெயமேரியின் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். தோல் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டாள். பையிலிருந்து ஒரு பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒரு பாறைக்குப் பின்னால் இருவரையும் தள்ளிக்கொண்டு போய், சால்வையின் ஒரு முனையை ஆன் மேரியிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி நின்றாள். பட்டறையில் காவல் நிற்கிற பெண்கள் நிற்பது அப்படித்தான்.

ஜெயமேரி வெளியே வந்து அவள் கையைப் பிடித்தார். "கண்ணு, எந்த ஊரு நீ?"

அவள் ஏதோ சொன்னாள். மராத்தியா, குஜராத்தியா, ஆன் மேரிக்குப் பிடிபடவில்லை. ஜெயமேரி பலகையைக் காட்டினார். கம்பளிச் சட்டையைத் தொட்டுக் காட்டினார். போய் நின்றுவிட்டு வந்து தருகிறேன், இங்கேயே இரு என்று இரண்டு கைகளாலும் சொன்னார். அந்தப் பெண் சிரித்துத் தலையாட்டினாள்.

ஜோ மூச்சிரைக்க வந்து பையை நீட்டினான். முறுக்கு.

"பசிக்குதுன்னு சொன்னா பத்தாதா? அதுக்கு ஏன் இந்த ஆர்ப்பாட்டம்?"

ஆன் மேரி ஒரு முறுக்கை எடுத்து அவன் வாயில் வைத்து அடைத்தாள்.

பலகைக்கு அருகே, போட்டோவில் ஜோ நின்ற அதே இடத்தில், ஜெயமேரி நின்றார். கேமராவைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். அது நெஞ்சுக்குப் போகாமல் தொண்டையோடு நின்றது. இன்னொன்று இழுத்தார். மூன்றாவது கொஞ்சம் இறங்கியது. கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார்.

"இவ்வளவுதான் வருதா?"

"பழகிடும்மா."

"இத வச்சுக்கிட்டா என்னச் சாப்ட்டியான்னு கேட்ட?"

ஜோ முறுக்கை மென்றுகொண்டே வேறு பக்கம் பார்த்தான்.

திரும்பி வந்தபோது பாறைக்கு அருகே யாரும் இல்லை. வண்டி நெரிசலால் அடைபட்டிருந்த பாதையைத் திறந்து, மோட்டார் சைக்கிள்களை முதலில் இறக்கிவிட்டிருந்தார்கள். வளைவுக்குக் கீழே ஒரு வரிசை விளக்குகள் போய்க்கொண்டிருந்தன. எந்த விளக்கு என்று எப்படித் தெரியும்? ஜெயமேரி கையைத் தூக்கி, "ஏ கண்ணு!" என்று கூப்பிட்டார். அவ்வளவுக்குக்கூட அங்கே காற்று இல்லை. டாக்டர் கொடுத்த நேரம் தீர்ந்திருந்தது. ஜோ அவரைக் கைத்தாங்கலாக வண்டிக்கு அழைத்துப் போனான்.

ஊருக்கு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். ஆன் மேரி பின்னாலேயே நின்றதால் ஸ்கேன் எடுத்தார்; சின்னக் கட்டி, பயமில்லை, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்கள் என்றார்கள். பட்டறையில் ஆதிலட்சுமியைச் சேர்த்துக்கொண்டு தாழ்ப்பாளுக்காகச் சண்டை போட்டார். "ஊர்வலமா?" என்று கேட்ட மேஸ்திரியிடம், "ஆமா, நீங்களும் வந்து கொடி புடிங்க" என்றார். தாழ்ப்பாள் வந்துவிட்டது; தண்ணீர்க் குழாய் இன்னும் வரவில்லை.

ஊதாக் கம்பளிச் சட்டை துவைக்கப்பட்டது. விருத்தாசலத்து வெயிலில் அரைமணி நேரத்தில் காய்ந்தது. ஆதிலட்சுமி அதைத் தொட்டுப் பார்த்து, "இத இந்த ஊருல போட்டா வெந்து போயிடுவோம்க்கா" என்றாள். இஸ்திரி போட்டு பீரோவில் வைத்தாயிற்று. ஜோ மோட்டார் சைக்கிள்காரர்களின் குழுக்களில் எல்லாம் அதன் படத்தைப் போட்டு விசாரித்தான். ஒரு பையன் மட்டும் அது தன்னுடையது என்றான். சட்டையின் அளவைக் கேட்டதும் காணாமல் போனான்.

"வேற யாராவது குளுருக்குக் கஷ்டப்படறவங்களுக்குக் குடுத்துடுங்க பெரிம்மா. கணக்கு தீந்துடும்" என்றாள் ஆன் மேரி.

"அது எப்படித் தீரும்? வாங்குனது அவகிட்ட."

"அந்தப் பொண்ணு திருப்பி வாங்கணும்னு குடுக்கலியே."

"அது அவ நெனப்பு. நான் வந்து தரேன், இருன்னு சொன்னேன்ல? தலையாட்டிட்டு நின்னாளே. எவ்வளவு நேரம் நின்னாளோ." பீரோக் கதவைச் சாத்தினார். "அந்தக் குளுருல ஒரு சட்ட கொறச்சலா அவ எப்படிடி எறங்கிப் போயிருப்பா?"

ஜோ இப்போது ராஜஸ்தானில் இருக்கிறான். அங்கே கம்பளிச் சட்டைக்கு வேலையே இல்லை. வாரம் தவறாமல் ஜெயமேரி போனில் அவனைக் கேட்கிற முதல் கேள்வி மட்டும் இன்னும் மாறவில்லை: "அந்தப் புள்ள யாருன்னு தெரிஞ்சுதா?"